பதினோரு பேரைக் குளிப்பாட்டியவர்கள்

அசில்கானிடமிருந்து தப்பித்த பெண் எங்கள் ஊரில் கிடையாது. எப்பேர்ப்பட்ட மகாராணியாக இருந்தாலும் ஒரு நாள் அவள் முன்னால் துணியில்லாமல் படுத்துத்தான் ஆக வேண்டும். இருபத்தாறு வருடங்களாக ஊரில் இறந்த பெண்களையெல்லாம் குளிப்பாட்டி, கபன் துணி சுற்றி அடக்கத்துக்கு அனுப்பியவள் அவள். யார் வயிற்றில் எத்தனை தையல், எந்தப் பெரிய மனுஷியின் தோளில் இளவயதில் பச்சை குத்திய எவன் பெயர், கடைசிவரை கருகருவென்று இருந்த கடைக்கார அம்மாளின் தலைமுடி உண்மையில் என்ன நிறம், எல்லாம் அவளுக்குத் தெரியும். ஒரு வார்த்தை வெளியே வந்ததில்லை. குளிப்பாட்டி முடித்து, அதற்கென்று போட்ட கூடாரத்துக்கு வெளியே வருவாள். காத்திருக்கும் பெண்களிடம், "முகம் நல்லா வெளிச்சமா இருந்துச்சு" என்பாள். வெளிச்சமில்லாத முகத்துக்கும் அதே பதில்தான்.

ஜிபார் அவளுக்குத் தண்ணீர் ஊற்றுபவள். வலது பக்கம் முதலில், பிறகு இடது பக்கம், அசில்கானின் கை போகிற இடத்துக்குக் கூஜாவின் மூக்கும் போக வேண்டும். பதினைந்து வருடப் பழக்கம். மற்றபடி ஜிபாருக்கு வாய் சும்மா இருக்காது. ஊரில் ஒரு பசு கன்று போட்டால், கன்று எழுந்து நிற்பதற்குள் செய்தி பாலத்தைத் தாண்டியிருக்கும். ஆனால் கூடாரத்துக்குள் பார்த்ததை அவளும் சொன்னதில்லை. செத்தவளின் குறையை வெளியே சொல்பவளை ஊர் மறுபடி கூப்பிடாது. கூப்பிடாமல் இருப்பதோடு நிற்காது, அவள் வீட்டு வாசலில் உட்கார்ந்து தேநீர் குடிக்கவும் யோசிக்கும்.

ஊருக்கு வெளியே, பாப்ளர் மரங்களுக்கு அப்பால் மனநலக் காப்பகம் இருக்கிறது. இரண்டு முறை நீலச் சாயம் பூசிப் பார்த்துவிட்டார்கள். ஊருக்கு அது இன்னமும் பழைய நிறத்து மஞ்சள் வீடுதான். அங்கே அறுபது எழுபது பெண்கள். கொண்டுவந்து விட்ட சொந்தக்காரர்கள் திரும்பிப் பார்ப்பது அபூர்வம். அங்கே ஒருத்தி இறந்தால் இயக்குநர் மெலிஸ் வண்டி அனுப்புவான். வழக்கப்படி தாய் வழியில் ஒருத்தி, தகப்பன் வழியில் ஒருத்தி, சம்பந்தி வீட்டில் ஒருத்தி என்று வந்து குளிப்பாட்ட வேண்டும். அந்தப் பெண்களுக்கு எந்த வழியும் இல்லை. அசில்கானும் ஜிபாரும்தான் எல்லா வழியும். முடிந்ததும் ஆளுக்கொரு துண்டும் ஒரு பொட்டலம் தேயிலையும் கொடுப்பான். அன்றைக்கே அடக்கம்.

இரண்டு குளிர்காலத்தில் பதினோரு பேர். முதல் குளிர்காலத்தில் நான்கு, அடுத்ததில் ஏழு.

முதல் பெண்ணைப் புரட்டியபோதே ஜிபாரின் கூஜா ஆடியது. முதுகில் உள்ளங்கை அகலத்துக்குப் புண். நடுவில் எலும்பு தெரிந்தது. அசில்கான் நிமிர்ந்து பார்க்காமலே, "நேரா ஊத்து" என்றாள். ஊற்றினாள். வெளியே வந்ததும் அசில்கான் வழக்கமான வார்த்தையைச் சொன்னாள். கேட்பதற்கு அங்கே மெலிஸையும் டிரைவரையும் தவிர யாரும் இல்லை. மெலிஸ், "அல்லாஹ் ஏற்றுக்கொள்ளட்டும்" என்று முகத்தைத் தடவிக்கொண்டான். அப்படித்தான் ஆரம்பித்தது.

பதினோராவது பெண் சினார். முப்பத்திரண்டு வயது. ஒன்பது வயதுப் பிள்ளையைத் தூக்குவது போல அசில்கான் அவளை ஒற்றை ஆளாகத் தூக்கிப் பலகையில் கிடத்தினாள். வெளியே பனி, எச்சில் துப்பினால் தரையில் விழுவதற்குள் உறைந்துவிடும். மஞ்சள் வீட்டுக் கொதிகலன் அணைந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. சினார் மேல் கோடைக்காலப் பூப்போட்ட நைட்டி மட்டும் இருந்தது. இரண்டு மணிக்கட்டிலும் கயிறு பதிந்த வரி. கால் விரல்கள் கறுத்துப்போயிருந்தன. அசில்கான் அந்த விரல்களை ஒவ்வொன்றாகக் கழுவினாள். நகம் ஒன்று கையோடு வந்துவிட்டது. அதைத் திரும்ப அதன் இடத்திலேயே வைத்து, மேலே கபனைச் சுற்றினாள். பிறகு எப்போதும் செய்யாத ஒரு காரியம் செய்தாள். குனிந்து சினாரின் நெற்றியில் முத்தம் கொடுத்தாள். வெளியே வந்தபோது அவள் எதுவும் சொல்லவில்லை. முகம் வெளிச்சமாக இருந்ததா இல்லையா என்று மெலிஸும் கேட்கவில்லை.

வசந்தத்தில் சினாரின் தம்பி ரஷ்யாவிலிருந்து வந்தான். அங்கே கட்டட வேலை. மாதாமாதம் அக்காவுக்குப் பார்சல் அனுப்பிக்கொண்டிருந்தவன். அக்கா எங்கே என்று கேட்டவனுக்கு மண்மேட்டைக் காட்டினார்கள். அவன் அழுதுவிட்டுப் போகிற ஜாதியில்லை. தலைநகரம் வரைக்கும் போய்ப் புகார் எழுதினான். நாஸ்குல் என்ற ஆய்வாளர் வந்தாள். காப்பகத்துக் காகிதங்களைப் புரட்டினால் பதினோரு பேருக்கும் ஒரே காரணம் எழுதியிருந்தது: இதயம் நின்றது. சாகும்போது யாருக்கு ஐயா இதயம் நிற்காமல் இருக்கிறது?

மெலிஸ் மீது வழக்கு நடந்தது. ஆனால் பிடி கிடைக்கவில்லை. காப்பகத்து டாக்டர் வாயைத் திறக்கவில்லை, நர்ஸுகள் வேலைக்குப் பயந்தார்கள், உள்ளேயிருக்கும் பெண்கள் சொன்னதைப் பைத்தியத்தின் பேச்சு என்று தள்ளினார்கள். கடைசியில் நீதிபதி சொல்லிவிட்டார்: உடல்கள் எந்த நிலையில் இருந்தன என்பதற்குச் சாட்சி வேண்டும், இல்லையென்றால் கல்லறைகளைத் தோண்டிப் பார்க்க உத்தரவு போட வேண்டியிருக்கும்.

ஊர் கொதித்தது. கல்லறையில் கை வைப்பதா? ஆண்கள் மசூதி முன்னால் கூடி, மண்வெட்டியோடு வருகிறவனின் காலை உடைப்போம் என்றார்கள். அதில் முன்வரிசையில் நின்று கத்தியவர்கள் மெலிஸின் மச்சான்கள்.

நாஸ்குல் அசில்கான் வீட்டுக்கு வந்தபோது ஜிபாரும் அங்கேதான் இருந்தாள். அசில்கான் ரொட்டி, ஜாம், எண்ணெயில் பொரித்த மாவுத் துண்டு போர்சோக் எல்லாம் விரித்து வைத்து, விருந்தாளிக்குச் செய்யும் மரியாதைப்படி பாதிக் கிண்ணம் தேநீர் ஊற்றினாள். நாஸ்குல் ஒரு போர்சோக்கைக்கூடத் தொடவில்லை.

"அக்கா, அந்தப் பதினோரு பேரையும் தொட்டுப் பார்த்தவங்க இந்த உலகத்துல நீங்க ரெண்டே பேர்தான்."

"நான் குளிப்பாட்டறவ மா. எங்க கை பார்த்ததை எங்க வாய் சொல்லாது."

"அப்ப தோண்டறதைத் தவிர எனக்கு வேற வழி இல்ல."

"அதுவும் பாவம்."

"இதுவும் பாவம், அதுவும் பாவம்னா, உள்ளே இன்னும் அறுபத்து மூணு பேர் இருக்காங்களே, அவங்களை என்ன பண்றது?" நாஸ்குலின் குரல் உடைந்தது. "அடுத்த குளிர் வரும், அக்கா. உங்களுக்கு வண்டி அனுப்புவாங்க. நீங்க ரெண்டு பேரும் போவீங்க."

அசில்கான் கிண்ணத்தில் மீண்டும் தேநீர் ஊற்றினாள். கிண்ணம் நிரம்பி விரிப்பில் வழியும்வரை அவள் நிறுத்தாததை ஜிபார் முதல் தடவையாகப் பார்த்தாள்.

மறுநாள் அசில்கான் இமாமிடம் போய்க் கேட்டாள். இறந்தவரின் குறையை மறைப்பவருக்கு நாற்பது முறை மன்னிப்பு உண்டு என்று இமாம் தாடியைத் தடவியபடி சொன்னார். "குறை செத்தவளோடது இல்லேன்னா?" என்று அசில்கான் கேட்டாள். இமாமுக்குத் திடீரென்று தொழுகைக்கு நேரமாகிவிட்டது.

ஜிபார் கொல்லையில் பால் கறந்துகொண்டிருக்கும்போது அசில்கான் வந்து வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"திங்கக்கிழமை கோர்ட்டுக்குப் போறேன்."

ஜிபாரின் கை பசுவின் மடியிலேயே நின்றுவிட்டது. "என்னக்கா சொல்றீங்க? இந்த ஊர்ல இனி நம்மளை யார் கூப்பிடுவா?"

"கூப்பிட வேணாம்."

"அக்கா, உங்களுக்குப் பின்னால யாரும் இல்ல. எனக்கு ஆள் இருக்கு. சபீர் அங்க கொதிகலன் பாக்கறவர். 'அடுப்பு ஏன் அணைஞ்சுது, அடுப்புக்காரன் குடிச்சிட்டுக் கிடந்தான்'னு மெலிஸ் ஒரே வார்த்தையில அவர் தலையில கட்டிடுவான். நான் வாயைத் திறந்தா என் புருஷன் ஜெயிலுக்குப் போவார்."

பேசிவிட்டுத்தான் தன் குரல் எவ்வளவு உயர்ந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. பசுகூடத் திரும்பிப் பார்த்தது.

அசில்கான் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் ஜிபாருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். "உன்னை யாருடி கூப்பிட்டா?" என்றாள். "தண்ணி ஊத்தறவ தலைமாட்டுல முகத்தைத் திருப்பிக்கிட்டு நின்னா, ஒண்ணும் பாக்கலைன்னு சொல்லிடறேன். பாலைச் சிந்தாம கற."

அவள் போனபிறகு ஜிபார் வாளிக்குப் பக்கத்திலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். தன்மேல் அவளுக்கு அவ்வளவு அருவருப்பு அதற்கு முன் வந்ததில்லை.

திங்கட்கிழமை காலை தேநீர் குடிக்கும்போது சபீரிடம், "கோர்ட்டுல சும்மா போய் உட்கார்ந்துட்டு வரேன்" என்றாள்.

சபீர் நல்ல மனிதன்; ஆனால் ஒவ்வொரு வார்த்தைக்கும் காசு கொடுப்பவன் போலத்தான் பேசுவான். ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்து மேஜைமேல் குவித்துக்கொண்டிருந்தான். ஒன்றையும் வாயில் போடவில்லை. "மூணு லாரி கரி வந்துச்சு" என்றான். "ஒண்ணு எங்களுக்கு. ரெண்டு மெலிஸோட மச்சான் குளியல் விடுதிக்கு. ஜனவரியிலயே தீர்ந்துபோச்சு. காலி அடுப்பைப் பார்த்துக்கிட்டுப் பதினோரு நாள் உட்கார்ந்திருந்தேன். அவங்க கத்தற சத்தம் அங்க வரைக்கும் கேக்கும்."

"ஏன் என்கிட்ட சொல்லலை?"

"நீ என்கிட்ட சொன்னியா?"

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தேநீரைக் குடித்து முடித்தார்கள்.

மாவட்ட நீதிமன்றத்தில் நிற்க இடமில்லை. பாதிப்பேர் எங்கள் ஊர்க்காரர்கள். முதல் வரிசையில் மெலிஸின் தாய் குலாயிம், எழுபத்தொன்பது வயது, வெள்ளைத் தலைத்துணியும் கையில் தடியுமாக, கழுத்தை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள். மெலிஸ் புது கோட்டுப் போட்டிருந்தான். அசில்கான் உள்ளே வந்தபோது அவனுக்குப் பெரிய கவலை இருந்ததாகத் தெரியவில்லை. எங்கள் வழக்கமெல்லாம் அவனுக்கு அத்துப்படி. கல்லறையைத் தோண்ட ஊர் விடாது, குளிப்பாட்டியவள் வாய் திறக்கமாட்டாள். சுவர் கட்டி ஒளிந்துகொள்கிறவர்கள் உண்டு. அவன் எங்கள் நல்ல பழக்கங்களுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தான்.

அசில்கான் சாட்சிக் கூண்டில் நின்றாள். நீதிபதி, "நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்" என்றார்.

"அதுக்கு முன்னால ஒண்ணு சொல்லிடறேன் ஐயா. முதல் பொண்ணைக் குளிப்பாட்டின அன்னிக்கே நான் இங்க வந்திருக்கணும். வந்திருந்தா மிச்சம் பத்துப் பேர் உயிரோட இருந்திருப்பாங்க. வரல. வழக்கம்னு சொல்லிக்கிட்டேன். உண்மையில எனக்கு என் பேர் பெருசாப் போச்சு. அதுக்கு எனக்கு என்ன தண்டனையோ அதை முதல்ல எழுதிக்குங்க."

சாட்சியத்தை எழுதிக்கொண்டிருந்த பெண் எழுதலாமா வேண்டாமா என்று நீதிபதியைப் பார்த்தாள்.

பிறகு அசில்கான் சொன்னாள். காகிதம் இல்லை, குறிப்பு இல்லை. முதலாமவள் முதுகுப் புண். இரண்டாமவள் இடுப்பில் புழு. மூன்றாமவள் வாய்க்குள் ஒரு பல்கூட இல்லை, ஈறு முழுக்க ரத்தக் கட்டு. நான்காமவள் வயிறு முதுகோடு ஒட்டியிருந்தது. ஒவ்வொருத்தியையும் பெயர் சொல்லிச் சொன்னாள். பெயர் தெரியாத இரண்டு பேரை, "வலது கண் மேல மச்சம் இருந்தவ", "ரொம்ப அழகான கை உள்ளவ" என்று சொன்னாள். ஜிபார் பின்வரிசையில் கையால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள். பதினைந்து வருடம் பக்கத்தில் நின்றவளுக்கே தெரியாது, அந்த மனுஷி ஒவ்வொரு உடம்பையும் இப்படி நெஞ்சுக்குள் வைத்துச் சுமந்துகொண்டிருந்தாள் என்று. எங்கள் ஊரில் பெரிய வீரர்கள் பற்றிப் பாட்டெல்லாம் இருக்கிறது. அன்றைக்கு அந்தக் கூண்டில் நின்ற அறுபது வயதுப் பெண்மணிக்கு ஈடாக அவர்களில் ஒருவரைக்கூட நான் சொல்லமாட்டேன்.

"பதினோராவது சினார்" என்றாள் அசில்கான். "கால் விரல் பத்தும் உறைஞ்சு கறுத்திருந்துச்சு. காலுல ஒண்ணும் இல்ல."

"நான் கம்பளி பூட்ஸ் அனுப்பினேன்!" சினாரின் தம்பி எழுந்துவிட்டான். "ரெண்டு ஜோடி அனுப்பினேன்!" காவலர் அவனை உட்கார வைக்க வேண்டியிருந்தது.

மெலிஸின் வக்கீல் தலைநகரத்து ஆள். நாக்கில் வெண்ணெய் தடவியவன். மெதுவாக எழுந்து வந்தான். "அம்மா, இறந்தவரின் குறையை வெளியே சொல்வது உங்கள் மதத்தில் பாவம்தானே?"

"பாவம்."

"இவ்வளவு பேர் முன்னால் அந்தப் பாவத்தைச் செய்கிறீர்கள்."

"மறைக்கச் சொன்னது செத்தவளோட குறையை, தம்பி. இதுல செத்தவளோட குறை என்ன இருக்கு? பசிச்சது அவ குறையா? குளிர் அடிச்சது அவ குறையா? இது அங்க உட்கார்ந்திருக்கானே, அவனோட குறை. அவன் இன்னும் சாகலையே, நான் எதுக்கு மறைக்கணும்?"

யாரோ ஒருவர் சிரித்துவிட்டுச் சட்டென்று அடக்கிக்கொண்டார். வக்கீலும் புன்னகைத்தான். அவனுக்கு வேறொரு துருப்பு இருந்தது.

"நல்லது. உங்களோடு இன்னொரு பெண்ணும் இருந்தாரே, தண்ணீர் ஊற்றியவர். அவரும் இதையெல்லாம் பார்த்தாரா?"

அசில்கான் கூட்டத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. "இல்ல. அவ தலைமாட்டுல முகத்தைத் திருப்பிக்கிட்டு நிப்பா. அவ ஒண்ணும் பாக்கல."

"பதினோரு முறையும்?"

"பதினோரு முறையும்."

வக்கீல் நீதிபதி பக்கம் திரும்பிக் கைகளை விரித்தான். "ஐயா, ஒரே ஒரு மூதாட்டியின் நினைவு. கண்ணாடி இல்லாமல் ஊசியில் நூல் கோர்க்க முடியாத வயது. பக்கத்திலேயே நின்றவர்கூடப் பார்க்காத காயங்கள் இவர் கண்ணுக்கு மட்டும் எப்படித் தெரிந்தன? கொதிகலனைப் பொறுத்தவரை, அதைப் பார்த்துக்கொண்டவரின் குடிப்பழக்கம் பற்றி நாங்கள் தனியே..."

ஜிபாருக்கு அப்புறம் எதுவும் காதில் விழவில்லை. தன்னைக் காப்பாற்றுவதற்காக அந்த மனுஷி சொன்ன ஒரே ஒரு பொய், அவள் சொன்ன அத்தனை உண்மையையும் கவிழ்க்கப் போகிறது. சபீரை நினைத்தாள். மேஜைமேல் குவிந்து கிடந்த ரொட்டித் துண்டுகளை நினைத்தாள். எப்போது எழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

"அக்கா பொய் சொல்றாங்க!"

கூடம் முழுக்கத் திரும்பியது. வக்கீலின் முகம் மலர்ந்தது. மெலிஸ் நிமிர்ந்து உட்கார்ந்தான். அசில்கான் மட்டும் கண்களை மூடிக்கொண்டாள்.

"யார் நீங்கள்?" என்றார் நீதிபதி.

"தண்ணி ஊத்தினவ. ஜிபார். நான் பாக்கலைன்னு சொன்னாங்களே, அதுதான் பொய். பாக்காம எப்படி ஐயா தண்ணி ஊத்த முடியும்? அவங்க கை போற இடத்துக்கு என் கூஜா போகணும். அந்தப் புண்ணுங்க அத்தனையிலயும் தண்ணி ஊத்தினவ நான். அந்தப் புழுவைத் தண்ணியால தள்ளிவிட்டவ நான்." மூச்சு வாங்கியது. நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க முடியாது என்று தெரிந்து ஒரே ஓட்டமாகப் பேசினாள். "கொதிகலன்காரர் என் புருஷன். அவர் குடிச்சிருந்தாரான்னு என்கிட்ட கேளுங்க. தேநீர் குடிக்கறதுக்குக் கூட அந்தப் பதினோரு நாளும் அவர் வீட்டுக்கு வரல. கரி எங்க போச்சுன்னு அவன் மச்சானோட குளியல் விடுதியில போய்க் கேளுங்க. குளிர்காலம் முழுக்க அங்க ஆவி பறந்துச்சே, எங்க ஊர்ல எல்லாரும் போய்க் குளிச்சிட்டுத்தானே வந்தோம்? நானும் குளிச்சேன்!"

அந்தக் கடைசி வார்த்தையில்தான் அவளுக்கு அழுகை வந்தது. கூடத்தில் பலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். வாசலோரம் எப்போது வந்து நின்றான் என்று தெரியாத சபீர், கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து, தொப்பியைக் கழற்றிவிட்டு, "என் பேரையும் எழுதிக்குங்க" என்றான்.

கல்லறைகளை யாரும் தோண்டவில்லை. தேவைப்படவில்லை.

மெலிஸுக்கு ஆறு வருடம். டாக்டருக்கு இரண்டரை. பதினோரு உயிருக்கு எட்டரை வருடம் என்று கூட்டிப் பார்க்காதீர்கள், வயிறு எரியும். சபீருக்குச் சிறை இல்லை, ஆனால் வேலை போயிற்று. மஞ்சள் வீட்டுக்குப் புது இயக்குநர் வந்தார், புதுக் கொதிகலன் வந்தது. மாதத்துக்கு ஒரு முறை நாஸ்குல் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கி, போர்வையைத் தூக்கிக் கால்களைப் பார்த்துவிட்டுப் போகிறாள்.

ஊர் என்ன செய்தது என்றால், ஊர் செய்வதைத்தான் செய்தது. நேரில் பார்த்தால் சலாம் சொன்னார்கள். ஆனால் கோடையில் மூன்று பெண்கள் இறந்தார்கள். மூன்றுக்கும் பக்கத்து ஊரிலிருந்து ஆள் கூட்டி வந்தார்கள். ஒருத்தி ஜிபாரின் ஒன்றுவிட்ட நாத்தனார். ஜிபார் கூடாரத்துக்கு வெளியே மற்றப் பெண்களோடு நின்று அழுதாள். உள்ளே யாரோ தெரியாதவள் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. ஊற்றத் தெரியாமல் சளசளவென்று கொட்டினாள்.

"நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டோம்" என்றாள் ஜிபார். அசில்கான் வீட்டு வாசல் பெஞ்சில் உட்கார்ந்து இருவரும் தயிர்க் கட்டிகளை வெயிலில் காயவைக்க உருட்டிக்கொண்டிருந்தார்கள். "இருபத்தாறு வருஷத்துப் பேர், ஒரே காலையில போச்சு."

"போனா போகுது. நீ உருட்டறது ஒண்ணு குதிரைச் சாணி மாதிரி இருக்கு, ஒண்ணு ஆட்டுப் புழுக்கை மாதிரி இருக்கு. ஒழுங்கா உருட்டு."

"உங்களுக்கு வருத்தமே இல்லையாக்கா?"

அசில்கான் இன்னும் இரண்டு கட்டி உருட்டித் தட்டில் வைத்தாள். "இருக்குடி" என்றாள். "ராத்திரி பூரா இருக்கு."

அப்போதுதான் தெருமுனையில் குலாயிம் வருவதைப் பார்த்தார்கள். தடியை ஊன்றி ஊன்றி, நடுத்தெருவில் வந்துகொண்டிருந்தாள். மெலிஸின் தாய். வேலிகளுக்கு மேல் ஒவ்வொரு தலையாக முளைத்தது. கடைக்கு முன்னால் நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். மகனை ஜெயிலுக்கு அனுப்பியவள் வீட்டுக்குத் தாய் நடந்து போகிறாள் என்றால் எதற்கு? சாபம் கொடுக்கத்தான். ஜிபார் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றாள். கிழவி வாயைத் திறந்தால் தானும் திறப்பது என்று முடிவு செய்துகொண்டாள்.

குலாயிம் படலைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். இரைத்தது. உட்காரச் சொல்லிக் காத்திருக்கவில்லை, பெஞ்சில் அவளாகவே உட்கார்ந்தாள்.

"அசில்கான்" என்றாள், தெருவுக்குக் கேட்கும் குரலில். "நான் செத்தா நீயும் இவளும்தான் வந்து என்னைக் குளிப்பாட்டணும். என் மருமக வேற ஆளைக் கூப்பிடுவா. அதனாலதான் எல்லார் காதுலயும் விழற மாதிரி வந்து சொல்றேன்."

ஜிபார் சண்டைக்கு எடுத்து வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றும் இதற்குப் பொருந்தவில்லை. "எங்க வாய்க்குப் பயமா இல்லையாம்மா உங்களுக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

"உங்க வாய்க்குப் பயப்பட வேண்டியவன் என் மகன். நான் என்னடி பண்ணினேன்?"

மகனைச் சொன்னபோது கிழவியின் உதடு துடித்தது. அதைப் பல்லால் கடித்து அடக்கிவிட்டு, அசில்கானின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"எழுபத்தொம்பது வயசு உடம்பு. சுருக்கமும் தொங்கலும்தான் இருக்கும். அதைப் பார்த்துட்டு நீ ஊர்ல போய்ச் சொல்லமாட்டே, எனக்குத் தெரியும். ஆனா நாளைக்கு நான் படுக்கையில விழுந்து, எனக்குச் சோறு போடாம, திருப்பிப் படுக்கவைக்காம, யாராவது என்னைப் புழுத்துப்போக விட்டுச் சாகடிச்சா, அதை நீ போய்ச் சொல்லுவே. இந்த ஊர்ல வேற எவ சொல்லுவா?"

அசில்கான் தயிர் ஒட்டிய விரல்களால் கிழவியின் கையைத் திருப்பிப் பிடித்துக்கொண்டாள். ஜிபார் தேநீர் கொண்டுவர உள்ளே ஓடினாள். அடுப்பங்கரையில் நின்று அழுது தீர்த்துவிட்டுத்தான் கிண்ணத்தைத் தேடினாள். அவள் திரும்பி வந்தபோது எதிர்வீட்டுக்காரி, கேட்காமலே, ஒரு தட்டு சூடான ரொட்டியோடு படலுக்குள் நுழைந்துகொண்டிருந்தாள்.